கல்லடிக் கடக்கரையில தண்ணி ரொக்கெட்டும் ஒரு ஓரிங்கும்

அமெரிக்காவில இருக்கிற மச்சான் ஒரு ரொக்கெட் பைத்தியம். ஹை பவர் ரொக்கெட்டாம், லெவல் 1 சேர்டிபிகேட் எடுத்தாத்தான் எச் எண்டுற பெரிய மோட்டர் கையில தருவாங்களாம், அலுமினியக் குழாய் ஒண்டுதான், உள்ள எரியிற மருந்துக் கட்டைய மட்டும் ஒவ்வொரு தரமும் புதுசா போட்டுட்டு விடுறாங்க. வாட்சப்பில வீடியோ அனுப்புவார், பாத்தா முக்கால்வாசி நேரம் ஓரிங்குக்கு, அதான் லீக் ஆகாம அடைக்கிற றப்பர் வளையத்துக்கு, கிறீஸ் பூசிக்கிட்டுத்தான் இருப்பார். நான் சிரிச்ச.

மகன் அதப் பாத்துட்டு எனக்கும் வேணும் எண்டு ஒரே கரைச்சல். அந்த மருந்துக்கு நாம எங்க போற, அதால தண்ணி ரொக்கெட்.

ஒண்டரை லீற்றர் சோடா போத்தல்தான் மோட்டர். சோடாப் போத்தலே எடுங்க, தண்ணி விக்கிற மெல்லிசுப் போத்தல் அழுத்தம் தாங்காது. அரை இஞ்சி பிவிசி பைப் அதிட கழுத்துக்குள்ள போகும், பைப்பிட மற்ற முனைய மூடி அதில சைக்கிள் வால்கட்டை. போத்தல் கழுத்து வளையத்த கேபிள் ரை தலையள் பிடிச்சிருக்கும், அதுக்கு மேலால பெரிய பைப் துண்டொண்டு, நூல இழுத்தா அது கீழ இறங்கி ரையெல்லாம் விரிய போத்தல் பறக்கும்.

எல்லாம் சரி, பைப்புக்கும் போத்தல் கழுத்துக்கும் இடையில லீக் ஆகாம அடைக்கிற சீல்தான் பிழைச்சிட்டு. பைப்பில அரத்தால காடி வெட்டி, காசு மிச்சம் பிடிக்க பழைய ரியூப்ப வெட்டிச் சுத்தின. பம்பால காத்தடிக்க, அழுத்தம் 20 பிஎஸ்ஐ வரமுந்தியே சீறி எண்ட சாரமெல்லாம் தண்ணி, மகன் விழுந்து விழுந்து சிரிக்கான். மறுகா தோணி எஞ்சின் சாமான் விக்கிற கடையில ஓரிங் ஒண்டு வாங்கி, மச்சான் சொன்ன மாதிரி சிலிக்கோன் கிறீஸ் மெல்லிசாப் பூசி காடிக்குள்ள இருத்தின. காஞ்ச ஓரிங் போத்தல் ஏறக்குள்ள முறுகிக் கிழியுமாம். வீடியோ பாத்து சிரிச்சது அப்பதான் ஞாபகம் வந்த.

செட்டைக்கு பழைய பைல் மட்டை, ரேப்பாலதான் ஒட்டின, சூடான பசை வச்சா போத்தல் சுருங்கும். நேராப் பறக்குமா எண்டு போத்தல் நடுவில நூல் கட்டி தலைக்கு மேலால சுத்திப் பாத்தா பின்பக்கம் முன்னுக்கு வருது, மூக்குக்குள்ள ரெண்டு பிடி மண் போட்ட பிறகுதான் ஒழுங்கா நிண்ட.

மட்டக்களப்புக் கல்லடிக் கடக்கரைக்கு காலமயே போயிருக்கணும், நாங்க போகக்குள்ள பத்து மணி, கரையில இருந்து கடலுக்கு வீசுற கச்சான் காத்து எழும்பிட்டு. மூண்டில ஒரு பங்கு தண்ணி, 60 பிஎஸ்ஐ, மகன தள்ளி நிக்கச் சொல்லிட்டு நூல இழுத்தன். ஒரு சொட்டு லீக் இல்ல! எழும்பக்குள்ள காத்துக்கு முகம் குடுத்து தென்னைப் பக்கம் சரிஞ்ச, தண்ணி முடிஞ்சா வெறும் போத்தல்தானே, கச்சான் அப்படியே அள்ளிக் கடலுக்க போட்டுட்டு. வலைக்குச் சிக்கெடுத்துக்கொண்டு நிண்ட மாமா ஒராள், "மகன், கச்சானுக்குள்ள பட்டமே ஏத்தமாட்டாங்க, நீ போத்தல் ஏத்துறியா" எண்டார்.

ஓரிங் பத்திரமா இருக்கு, கழட்டித் துடைச்சு வச்சிருக்கன். போத்தலுக்கு மகன் சோடா குடிக்கிறான், அவன்ட அம்மாதான் கத்திக்கிட்டு நிக்கா.