பசை படாத நினைவேடு

காரியம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு பீரோவைத் திறந்தால், பல வீடுகளில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ரப்பர் பேண்ட் போட்ட இன்லண்ட் லெட்டர் கட்டு, குண்டூசி குத்திய ரசீதுகள், மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, நாலைந்து ஆல்பம், பழுப்பு உறைக்குள் உதிரிப் படங்கள். அப்பாவுடைய இந்தச் சரக்கை ஒரு நினைவேடாகத் தொகுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் போவது ஸ்கிராப்புக் சாமான் விற்கும் கடைக்கு. அங்கே பூ ஸ்டிக்கர், மினுமினுப்பு டேப், இதயம் வெட்டும் பஞ்ச் எல்லாம் கிடைக்கும். ஒன்றும் வேண்டாம். அசல் தாளிலோ படத்திலோ எந்தப் பசையும் படக்கூடாது, எதையும் வடிவம் வெட்டக்கூடாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதல் வேலை ரப்பர் பேண்டைக் கழற்றுவது. ரப்பரில் கந்தகம் உண்டு, அது கறுப்பு வெள்ளைப் படத்திலுள்ள வெள்ளியைக் கறுக்க வைக்கும். அடுத்தது பின்கள். ஸ்டேப்ளர் பின்னை ரிமூவரால் கடித்து இழுத்தால் பழைய தாள் கிழிந்து கையோடு வரும். தாளைக் குப்புற வைத்து, மடங்கிய காலுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகிக்கொள்ளுங்கள். மழுங்கிய கத்தி முனையால் இரண்டு காலையும் நிமிர்த்துங்கள். பிறகு தாளைத் திருப்பி, தலைப்பக்கம் தூக்கினால் பின் தானாக வரும். துருக்கறையை எலுமிச்சையோ பிளீச்சிங் பவுடரோ போட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

எதையும் பிரிப்பதற்கு முன் ஸ்கேன். 4×6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும்: 2400×3600 பிக்ஸல் வரும், அதிலிருந்து 8×12 அங்குலம் வரை தெளிவாகப் பிரிண்ட் போடலாம். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200. மூலக் கோப்பைத் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் வையுங்கள், ஒரு படம் ஏறத்தாழ 26 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு அளவு சுருங்கிய ஜேபெக் (JPEG) தனியாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேனரில் தானாக நிறம் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டுடியோ முத்திரை, நெகட்டிவ் எண், பென்சிலில் கிறுக்கிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ரொம்பப் படுத்துவது ஒட்டும் பக்க ஆல்பங்கள். அட்டை முழுக்க வரிவரியாகப் பசை, மேலே உரித்து மூடும் பிளாஸ்டிக் தாள் என்று ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்ததே, அதுதான். பசை காலப்போக்கில் பழுப்பேறி இறுகும், மேல் தாள் பிவிசியாக இருந்தால் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். முழுப் பக்கத்தையும் இருக்கிற வரிசையிலேயே ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள், அந்த வரிசையும் அப்பாவோ அம்மாவோ அடுக்கியது. பிறகு மெழுகோ வாசனையோ சேர்க்காத பல் இடுக்கு நூலை (டென்டல் ஃப்ளாஸ்) ஒரு முழம் எடுத்து, படத்தின் மூலைக்கடியில் நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல் மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். நூல் அட்டையோடு ஒட்டிப் போக வேண்டும், படம் வளையக்கூடாது. நடுவில் சிக்கினால் எதிர் மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். ஹேர் டிரையர் வைத்தால் பசை இளகும் என்பது உண்மைதான், கூடவே படத்தின் மேல்பூச்சும் இளகும். அசையவே அசையாத படத்தை அட்டையோடு சேர்த்து வெட்டி எடுத்து அப்படியே வைப்பது தோல்வி ஆகாது.

சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படம் இன்னொரு சிக்கல். சந்தனம், குங்குமம், பூவின் ஈரம் எல்லாம் சட்ட விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டால் கண்ணாடியோடு ஒட்டிவிடும். ஒட்டியதை உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். இங்கே ஒரு சூட்சுமம்: வீட்டுப் பிரிண்டரோடு வரும் ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் (CIS) வகை, ஒட்டி இருப்பதை மட்டும்தான் தெளிவாகப் படிக்கும்; கண்ணாடித் தடிமன் அளவு விலகினாலே மங்கலாக்கிவிடும். சற்று விலகியிருப்பதையும் தெளிவாகப் படிக்கும் சிசிடி (CCD) வகை ஸ்கேனர் வேண்டும். கிடைக்காவிட்டால் எதிரே கறுப்புத் துணி பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் கேமராவால் எடுக்கலாம். இனிமேல் சுவரில் நகல் தொங்கட்டும். பூவும் பொட்டும் அதற்குப் போதும்.

லேமினேஷன் பற்றிக் கேட்பார்கள். ஒரே வார்த்தை: கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க முடியாது.

ஏட்டுக்கு ஏ4 அளவு வசதி. அமிலமற்ற, லிக்னின் (தாளைப் பழுப்பாக்கும் மரப்பொருள்) இல்லாத 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) அட்டை இருபது எடுத்தால் நாற்பது பக்கம் வரும், ஐம்பது அறுபது படம் தாராளமாகக் கொள்ளும். தைத்த நோட்டு வேண்டாம். படம் ஏற ஏற வயிறு புடைத்து முதுகு பிளந்துவிடும். திருகு போட்ட ஆல்பமோ ரிங் ஃபைலோ நல்லது. உறை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புது ரெக்சின் சீட்டு வாசனை வந்தால் பிவிசி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் இரண்டும் சரி.

படத்தைப் பிடிக்க மூலைப் பைகளை வீட்டிலேயே மடிக்கலாம். அமிலமற்ற தாளில் 4×2 செ.மீ. துண்டு வெட்டி, மேல் மூலைகள் இரண்டையும் கீழ் விளிம்பின் நடுவுக்கு மடித்தால் முக்கோணப் பை கிடைக்கும். மடிப்புகள் உள்ள பக்கத்தில் மட்டும் பசை தடவி அட்டையில் ஒட்டுங்கள், படத்தின் மூலை பைக்குள் செருகி நிற்கும். பசைக்கு மெத்தில் செல்லுலோஸ் என்ற தூள்: 100 மில்லி தண்ணீருக்கு 3 முதல் 4 கிராம், ஒரு ராத்திரி ஊறினால் கூழாகிவிடும். பைண்டிங் கடை மைதாப் பசை பூச்சியைக் கூப்பிடும். பூச்சிக்காக அதில் போடும் மயில்துத்தமோ தாளையே நொறுக்கும்.

கடிதங்களை ஏட்டில் வைக்காமல், நல்ல கலர் நகலை வைப்பதே என் கட்சி. இன்லண்ட் லெட்டர் மடிப்பில்தான் கிழியும், ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் கொஞ்சம் போகும். பேனா மை வெளிச்சத்தில் வெளுக்கும். அசலைப் பிரித்த நிலையில் பாலியெஸ்டர் உறையில் போட்டு, தனிப் பெட்டியில் படுக்க வையுங்கள். செய்தித்தாளில் வந்த கண்ணீர் அஞ்சலிக்கும் இதே கதை. அந்தத் தாளின் அமிலம் பக்கத்திலிருக்கும் படத்துக்கும் பரவும். கல்யாணப் பத்திரிகையின் மஞ்சளை மட்டும் துடைத்துவிடாதீர்கள். உதிரும் தூளை மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, மேலே ஒரு மெல்லிய தாளைப் போட்டால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டாது.

இனி எழுத்து. நினைவேடுகள் வீணாவது பூச்சியால் மட்டுமில்லை, உறவுப் பெயராலும்தான். "பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம்" என்று எழுதினால் முப்பது வருஷம் கழித்துப் படிப்பவருக்கு அது யாருடைய பெரியப்பா? நம் இனிஷியல் முறையில் அப்பாவுக்கும் மகனுக்கும் முதலெழுத்து வேறுபடும், பெயரை வைத்துக் குடும்பத்தைப் பிடிக்கவும் முடியாது. முழுப்பெயர், இன்னாரின் மகன் அல்லது மனைவி, ஊர், வருஷம், இடமிருந்து வலமாக. தெரியாத முகத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்த வருஷத்துக்கு "சுமார் 1974" என்று எழுதுங்கள். படத்தின் முதுகில் பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். பழைய தாள் படத்தில் 2பி பென்சிலால் ஓரமாக ஒரு எண் போதும். வழவழப்பான புதுப் படங்களில் பென்சில் பிடிக்காது, பிக்மென்ட் (நிறமி) மைப் பேனா வேண்டும். விவரம் முழுக்க அட்டையில் வரட்டும்.

இந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் ஒரு அத்தை அல்லது ஒரு சின்னத் தாத்தா. ஸ்கேன் பிரிண்டுகளை அவர் முன்னால் பரப்பி, போனில் ரெக்கார்டரைப் போட்டுவிடுங்கள். அசலைக் கொடுக்க வேண்டாம். கண் கலங்கும்போது கையும் நனையும். அப்பா குரல் இருக்கும் கேசட் கிடைத்தால், ஒரு முறை முழுக்க ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு டபிள்யூஏவி (WAV) ஒலிக் கோப்பாக மாற்றுங்கள். உள்ளே அழுத்தும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் ஒலி மங்கும், நாடாவை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும். பக்கத்தில் க்யூஆர் கோடு ஒட்டுவது இப்போது வழக்கம். இணைய முகவரி செத்துப்போனால் வெறும் கட்டம்தான் மிஞ்சும். பேச்சை எழுத்தாகவும் அச்சடித்து வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். தாள் ஈரம் குடித்திருக்கும், உறைக்குள் பூசணம் பிடிக்கும். தை, மாசி சரியான காலம். முடிந்த ஏட்டைப் பரணில் வைக்காமல், சமையலறைச் சுவரையும் வெளிச்சுவரையும் ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவதைவிட, மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பது மேல். கோப்புகளை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உடன்பிறந்தவர் வீட்டில் வைத்துவிடுங்கள்.

கடைசி நான்கு அட்டைகளை வெற்றாக விட்டுத் திருகை முடுக்குங்கள். ஏட்டைப் பார்த்த பிறகுதான் சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து இன்னொரு பழுப்பு உறை இறங்கும்.