நான்கும் மூன்றும்

இசையமைப்பாளர் ஷோபனின் ஃபான்டேசி இம்ப்ராம்ட்டு என்ற பியானோ உருப்படியை நான் கையிலெடுத்து ஐந்து மாதங்களாகின்றன. அவற்றுள் முதல் இரண்டு மாதங்கள் வீண்போயின. கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறேன். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் இரவு எட்டரைக்குப் பின் பியானோவைத் திறப்பதில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பிய பின் கிடைக்கும் நாற்பது நிமிடங்களில் தொடக்கத்திலிருந்து வாசிப்பேன், வழமையான இடத்தில் இடறுவேன், உடனே மறுபடியும் முதல் வரிக்கு ஓடுவேன். ஒருநாள் என் ஆசிரியை சற்றுச் சலிப்புடனேயே கேட்டார்: "தம்பி, முதல் வரி உமக்கு எப்பவோ வந்திட்டுது. பிறகேன் அதையே வாசிச்சுக் கொண்டிருக்கிறீர்?"

1834 இல் எழுதப்பட்ட இந்தச் சி ஷார்ப் மைனர் உருப்படியை ஷோபன் தம் வாழ்நாளில் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவர் 1849 இல் இறந்தபின், நண்பர் ஜூலியன் ஃபொன்டானாவே 1855 இல் வெளியிட்டார். கேட்பதற்குப் பொங்கி ஓடும் ஆறு போலிருக்கும். வாசிப்பவருக்கோ அது முதலில் ஒரு கணக்கு. இடக்கை ஓர் அட்சரத்துக்கு, அதாவது ஒரு தாளத் தட்டுக்கு, மூன்று சுரங்களை வாசிக்க, அதே அட்சரத்துக்குள் வலக்கை நான்கை வாசிக்க வேண்டும்.

சிறுவயதில் மூன்று வருடம் மிருதங்கம் பயின்றிருந்தும், இது நமது சதுஸ்ரமும் (நான்கின் நடை) திஸ்ரமும் (மூன்றின் நடை) ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதுதான் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. அட்சரத்தைப் பன்னிரண்டு மாத்திரைகளாகப் பிரித்தால், வலக்கை 1, 4, 7, 10 ஆகியவற்றிலும் இடக்கை 1, 5, 9 ஆகியவற்றிலும் விழும். அதாவது இரண்டும் சேர்ந்து, பின் வலம், இடம், வலம், இடம், வலம். வலக்கையின் மூன்றாவது சுரம் இடக்கையின் இரண்டு சுரங்களுக்கு நட்டநடுவில் நிற்கிறது. அதைப் பிடித்தால் மற்றவை தாமாக ஒழுங்குக்கு வருகின்றன. காலி வீதியில் 100 ஆம் இலக்கப் பேருந்தில் இருந்தபடி, வாய்க்குள் நான்குக்குத் தகதிமி சொல்லி, இடது தொடையில் மூன்றுக்குத் தகிட தட்டிப் பழகினேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒருமாதிரிப் பார்த்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கணக்கு ஓரளவு வேகம்வரைக்குமே துணை நிற்கும். நிமிடத்துக்கு இத்தனை தட்டென்று தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமில் 70 ஐத் தாண்டியதும், ஒவ்வொரு சுரமும் எந்த இடுக்கில் விழுகிறதென்று எண்ண நேரமில்லை. அதன்பின் ஒவ்வொரு கையும் மற்றதைப் பாராமல் தனியே நடக்கப் பழகி, அட்சரத்தின் முதற்சுரத்தில் மட்டும் சந்தித்துக்கொள்ள வேண்டும். ஆகவே இடக்கையை மட்டும் இரண்டு கிழமை வாசித்தேன். அது அலுப்பூட்டும் வேலை; ஆனால் எனக்கு மிகுந்த பலன் தந்ததும் அதுவே.

எஞ்சிய இடறல் கணக்கினால் வந்ததன்று. வலக்கை ஐந்தாவது பாரில் (தாளக் கட்டத்தில்) நுழைகிறது. அதன் முதலிடம் மௌனம்; இடக்கை தனியே விழுந்தபின்தான் ஓட்டம் தொடங்கும். ஜி ஷார்ப், ஏ, மீண்டும் ஜி ஷார்ப், பிறகு எஃப் டபிள் ஷார்ப். தாளில் மிரட்டும் இந்தக் கடைசிப் பெயர் பியானோவில் வெறும் ஜி, ஒரு வெள்ளைக் கட்டை. அதைக் கட்டைவிரலால் வாசிக்கும்போது என் மணிக்கட்டு ஒரு நூலளவு கீழே இறங்கியது. அடுத்த கறுப்புக் கட்டைக்கு மீண்டும் எழவேண்டியிருந்ததால், பின்வரும் சி ஷார்ப் ஒவ்வொரு முறையும் பிந்தியது. மெதுவாக வாசிக்கையில் அந்த ஏற்ற இறக்கத்துக்குப் போதிய நேரம் இருந்தபடியால் பிழை வெளிப்படவேயில்லை. வேகத்துக்கு உதவாத அசைவையே அத்தனை நாளும் பொறுமையாகக் கைக்கு ஊட்டியிருக்கிறேன். மெதுவாகப் பழகினால் எல்லாம் சரிவரும் என்ற பொதுவான அறிவுரையை அன்றிலிருந்து நான் பாதிதான் நம்புகிறேன்.

கையைச் சற்று உள்ளே, கறுப்புக் கட்டைகளுக்கிடையில் தள்ளி வைத்ததும் மணிக்கட்டு இறங்கத் தேவையில்லாது போயிற்று. அதன்பின் நான்கு நான்கு சுரங்களாக முழுவேகத்தில் வாசித்து நிறுத்தினேன். அந்த நிறுத்தத்தில் கை அடுத்த நான்கின்மேல் போய் நிற்க வேண்டும், ஆனால் அழுத்தக்கூடாது. ஒவ்வொரு கூறின் கடைசிச் சுரத்தையும் அடுத்த கூறின் முதற்சுரமாக வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் கூறுகள் தனித்தனியே நன்றாக இருந்து, மூட்டில் விரிசல் விடும். நெடில் குறிலாகவும் குறில் நெடிலாகவும் சுரங்களை இழுத்தும் சுருக்கியும் வாசிப்பதையும் முயன்றேன். அதில் எனக்குப் பெரிய பயன் தெரியவில்லை. ஆசிரியை அதைக் கைவிட வேண்டாமென்கிறார்.

நேற்று மெட்ரோனோமில் 108 வரை வந்தேன். மெதுவாகப் பாடும் டி ஃப்ளாட் மேஜர் இடைப்பகுதியின் பக்கங்களை இன்னும் திறக்கவில்லை. எட்டரைக்கு மூடியைச் சாத்தும்போது கீழ்வீட்டுக் குழந்தை அழத் தொடங்கியது. அதற்குக் காரணம் நானில்லை என்று நினைக்கிறேன்.