ஒரே 'டிவ்', மூன்று பொருள்

ஆரையம்பதியில் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். வயலில் நீர்மட்டத்தைப் பதிந்து வைக்கும் ஒரு சின்ன போர்டுக்கு லினக்ஸ் ஏற்றும் வேலை. அதன் எஸ்டி கார்ட் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் கோட், சிப்போடு சேர்ந்து வந்தது. அதில் கிளொக் வேகத்தைப் பிரித்துக் குறைக்கும் பகுதி பதினைந்து வரிகூட வராது. அதற்குள் 'டிவ்' (divider, வகுக்கும் எண்) என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும்.

கல்முனையிலிருந்து புதிதாகச் சேர்ந்த தம்பி அதை இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த டிவ் எண்டா என்ன? மேல ஒண்டு, கீழ வேறொண்டா இருக்கே" என்று கேட்டார். தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் பதில் சொல்ல முடிந்தது.

எங்கள் போர்டின் அடிப்படைக் கிளொக் 208 மெகாஹேர்ட்ஸ். கார்டை முதலில் அடையாளம் காணும்போது 400 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் போகக் கூடாது. 208ஐ 0.4ஆல் வகுத்தால் 520. ரெஜிஸ்டருக்குள், அதாவது சிப்புக்குச் சொல்லும் எண்ணை எழுதும் இடத்துக்குள், போவது அதில் பாதி, 260; சிப் அதை இரட்டித்துத்தான் வகுக்கும். அது 8 பிட்டுக்குள் அடங்காது. எஸ்டி கார்டை இயக்கும் சிப்புக்கான பொது விதியான எஸ்டி ஹோஸ்ட் விதியின் 3.00 பதிப்பில் இந்த எண்ணுக்கு 10 பிட். கீழ் 8 பிட் ரெஜிஸ்டரின் 15 முதல் 8 வரையான இடத்திலும், மேல் 2 பிட் 7, 6 ஆகிய இடங்களிலும் உட்காரும். மேல் பிட்டை விட்டுவிட்டால் 260 வெறும் 4 ஆகிவிடும். அப்போது 400 கிலோஹேர்ட்ஸ் போக வேண்டிய கார்டுக்கு 26 மெகாஹேர்ட்ஸ் போகும்.

பழைய கோடில் 520, 260, பிட் மாற்றி அடுக்கிய எண் மூன்றுக்கும் 'டிவ்' என்றே பெயர். களத்தில் நெல் அளக்கும் மரைக்காலையும் அவணத்தையும் ஒரே பெயரால் எண்ணினால் கணக்கு நிற்குமா? நான் மூன்றையும் பிரித்தேன்: வகு எண், அதன் பாதி, ரெஜிஸ்டர் மதிப்பு. பிட்டுகளை இடம் நகர்த்தும் ஷிஃப்ட்கள் வெறும் எண்களாகக் கிடந்தன; அவற்றுக்குப் பதிலாக, பிட் இடங்களைப் பெயரோடு சொல்லும் மேக்ரோக்களைப் போட்டேன்.

அப்புறம்தான் சரிபார்ப்பு. பழைய ஃபங்ஷனையும் புதியதையும் தனி புரோகிராம் ஒன்றில் வைத்து, 400 கிலோஹேர்ட்ஸிலிருந்து 50 மெகாஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு கிலோஹேர்ட்ஸாக ஓட்டினேன். 49,601 விடைகளும் ஒத்துப்போயின. இந்தச் சோதனை இல்லாமல் டிரைவரில் கை வைக்க எனக்கு மனம் வராது.

பெயர்கள் தெளிந்ததும் பழைய பிழை ஒன்று கண்ணில் பட்டது. 208ஐ 50ஆல் வகுத்தால் 4.16. கோட் தசமத்தை வெட்டி 4 என்று எடுத்தது. கார்டுக்குப் போனது 52 மெகாஹேர்ட்ஸ், அதாவது 50 என்ற வரம்புக்கு மேல். இங்கே மேல்நோக்கித்தான் முழு எண்ணாக்க வேண்டும். அதுவும் வகு எண் இரட்டைப்படையாக இருக்க வேண்டியதால் 6 வரும்.

உடனே திருத்தக் கை துடித்தது. ஆனால் முதல் பேட்ச் (கோட் மாற்றங்களின் தொகுப்பு) நடத்தையில் எதையும் மாற்றாமல் தெளிவாக்க மட்டும்தான். திருத்தத்தை இரண்டாவது பேட்சாகத் தனியே அனுப்பினேன். கலந்து அனுப்பியிருந்தால் பார்ப்பவருக்கு எது நடத்தையை மாற்றுகிறது என்றே தெரியாமல் போயிருக்கும்.

தம்பி போர்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, 50 கேட்டா 34.67தான் வருது, குறைஞ்சிட்டே" என்றார். 4ஆல் வகுத்தால் வரம்பைத் தாண்டும், அடுத்த இரட்டை எண் 6தான் என்று சொன்னேன். அதையே ஃபங்ஷனுக்கு மேலே கொமெண்டாகவும் அவரைக் கொண்டே எழுத வைத்தேன்.