பார்த்துக்கொண்டிருந்தது யார்?

நான் சொன்ன பதில் சரிதான் என்று இன்றைக்கும் யாரிடமும் வாதாடுவேன். எங்கள் குழுவிலேயே வாதாடியிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள், "அன்னைக்கு நான் வேலைக்குப் போகாம இருந்திருந்தா புள்ள இருந்திருப்பான்ல, மேடம்?" என்று கேட்கும்போது வேறு என்ன சொல்வது? "நீங்க வேலைக்குப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி, வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைதான் இதை எழுத வைக்கிறது.

வாய்மொழி மரண விசாரணைக்கு, அதாவது இறந்தவரின் வீட்டுக்கே போய் எப்படி இறந்தார் என்று கேட்டு எழுதிவர, போகிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியை ஏதோ ஒரு வடிவத்தில் எதிர்கொண்டிருப்பார்கள். "சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா?" "அந்த ஊசி போடாம இருந்திருந்தா?" நோயால் போனவர்கள் வீட்டில் இதற்கு ஏதாவது சொல்லிவிடலாம். மருத்துவத்தில் எதுவும் உறுதியில்லை என்பது உண்மையும்கூட. விபத்தில் போன பிள்ளையின் வீட்டில் அப்படி நழுவ முடியாது. அங்கே ஒவ்வொரு 'இருந்திருந்தா'வுக்கும் விடை தெரியும். தெரிந்துகொள்ளத்தானே நாங்கள் போகிறோம். எதை மாற்றியிருந்தால் இந்தச் சாவு நடந்திருக்காது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சியே. அப்படியிருக்க, பெற்றவள் அதே கேள்வியைக் கேட்டதும் 'சம்பந்தம் இல்லை' என்கிறேன்.

பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. மூழ்கியது கிணற்றிலோ ஏரியிலோ அல்ல, வீட்டு வாசலில் இருந்த குழாய்ப் பள்ளத்தில்.

அந்தப் பள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் விடும்போது தெருவின் முதல் சில வீடுகளுக்கு நன்றாக வரும். கடைசி வீடுகளுக்கு வரும்போது வேகம் இருக்காது, தரைக்கு மேலே ஏறாது. அதனால் குழாயைத் தரைக்குக் கீழே வெட்டிவிட்டு, சுற்றிலும் இடுப்பளவு பள்ளம் தோண்டி, சிமெண்ட் பூசி, ஒரு படி வைத்துக்கொள்வார்கள். குடத்தோடு உள்ளே இறங்கித்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் விட்ட நாளில் பள்ளத்தின் அடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். நான் போனபோது அந்தத் தெருவின் கடைக்கோடியில் வீட்டுக்கு ஒன்றாக இப்படிப் பள்ளங்கள் இருந்தன. இவர்கள் வீட்டுப் பள்ளத்தை மட்டும் கடப்பாக் கல் போட்டு மூடியிருந்தார்கள். கல்லின் ஓரத்தில் பூசிய சிமெண்ட் இன்னும் வெளுக்கவில்லை.

ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்தால் தலைகீழாகத்தான் விழும், விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. சத்தமும் வராது. ஒரு சாண் தண்ணீர் போதும், சில நிமிடம் போதும். மாமியார் அடுப்படியில் குழம்புக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். பையன் திண்ணையில் தட்டு வைத்து விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். அப்புறம் கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பையன்தான் ஓடி வந்து தூக்கினான். காலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்கினான், வயிற்றை அமுக்கினான், வாயிலிருந்து தண்ணீர் வந்தது. எல்லோரும் பிழைத்துவிட்டான் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதியிருக்க வேண்டும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது, சொல்லிக்கொடுத்தவர்களும் இல்லை. பைக்கில் வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அவள் அப்போது நூறு நாள் வேலையில் இருந்தாள். ஏரிக்கால்வாய் தூர் வாருகிற வேலை. காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ என்று வருகையைச் செல்போனில் பதிவதால், நடுவில் வீட்டுக்கு ஓடி வந்து பார்க்கவும் முடியாது. ஆறு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் வேலையிடத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளவே ஒரு பெண்ணை நிறுத்தி அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று அந்த வேலைக்கான சட்டத்தின் அட்டவணையில் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றாள். அதோடு நிறுத்தவில்லை. "தெரிஞ்சிருந்தாலும் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டேன் மேடம். அங்க பக்கத்துலயே ஏரி. தண்ணிக்குப் பயந்துதான் வீட்ல விட்டுட்டுப் போனேன்."

இதைச் சொன்ன பிறகுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆபத்தை எடைபோட்டு, தன் கைக்கெட்டிய வழிகளில் பாதுகாப்பானதைத் தேர்ந்தெடுத்தவள் அவள். எங்கள் குழுவில் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தினாலும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பார். அதனால் 'சம்பந்தம் இல்லை' என்று நான் சொன்னது வெறும் ஆறுதல் அல்ல, என் மதிப்பீடும் அதுதான். ஆனால் அவள் கேட்டது தன் முடிவு நியாயமா என்பதல்லவே. பிள்ளை இருந்திருப்பானா என்பது. அதற்கு நேரான விடை வேறு. அந்த விடை எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எங்கள் படிவத்தில் காயங்களுக்கென்று தனிப் பக்கம் உண்டு. விபத்துதானா, வேறு யாராவது வேண்டுமென்றே செய்ததா என்றுகூடக் கேட்டாக வேண்டும். பெற்றவளிடம் அதைக் கேட்பது எவ்வளவு கொடுமை என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பழகிவிட்டது. பழகாதது அதற்கு அடுத்தது: 'சம்பவ நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்?' தாய், தந்தை, தாத்தா பாட்டி, மூத்த பிள்ளை, மற்றவர், யாருமில்லை. ஒன்றில் குறியிட வேண்டும். அந்த வீட்டில் நான் 'தாத்தா பாட்டி' என்பதில் குறியிட்டபோது அந்தக் கிழவி என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் புரிந்திருக்கும்.

மருமகளுக்கு நான் சொன்ன சொல் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? நீ போனதில் தப்பில்லை என்றால், வீட்டில் இருந்தது யார் என்ற கேள்விதான் மிச்சம். ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்கள் சுமந்துகொண்டிருந்த பாரத்தை ஒருத்தி தலையிலிருந்து எடுத்து இன்னொருத்தி தலையில் வைத்துவிட்டு வந்தேனோ என்று தோன்றுகிறது. வேறு சில நாள், அப்படியில்லை, நான் சொல்வதற்கு முன்பே அந்த வீட்டில் அது முடிவாகியிருந்தது என்றும் தோன்றுகிறது. அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்த விதமே அதைச் சொல்லியது. உள்ளே வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் எதிர்வீட்டுப் பெண்தான்.

எங்கள் மூத்த மருத்துவரிடம் இதைச் சொன்னேன். "நாம ஆறுதல் சொல்லப் போகல. 'ரொம்ப வருத்தமா இருக்கும்மா'ன்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடணும்" என்றார். பயிற்சியிலும் அப்படித்தான் சொல்லித்தருகிறோம், நானும் சொல்லித்தந்திருக்கிறேன். காரணமும் உண்டு. கேட்பவர் கருத்துச் சொல்ல ஆரம்பித்தால் பதில் சொல்பவர் அதற்கேற்பக் கதையை வளைப்பார். தரவு கெட்டுவிடும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தி முகத்தைப் பார்த்துக் கேட்டதற்கு 'வருத்தமா இருக்கும்மா' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினால் அதுவும் ஒரு பதில்தான். ஆமாம், உன்னால்தான் என்றே அவள் எடுத்துக்கொள்வாள். பேசாமல் இருப்பதில் நடுநிலை இருக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை.

இந்த வேலையில் எனக்கு நம்பிக்கை குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் நடக்கிற சாவுகளைக் கணக்கில் கொண்டுவந்ததே இந்த முறைதான். சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் 80,000 பெரியவர்களின் இறப்பை இப்படி விசாரித்த ஆய்வு 2004-இல் வெளியானது. பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 46,000 பேர் சாகிறார்கள் என்று 2011-இல் தெரியவந்ததும் வீடு வீடாகப் போய்க் கேட்டதால்தான். மருத்துவமனைக் கணக்கு அதில் ஒரு சிறு பங்கைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நீரில் மூழ்கியவர்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-க்குச் சொல்லும் எண்ணிக்கை 38,000-க்கும் மேல். அது காவல் நிலையத்துக்குப் போனவர்கள் கணக்கு. வாசல் பள்ளத்தில் விழுந்த பிள்ளையை, போஸ்ட்மார்ட்டம் என்று அறுத்துவிடுவார்களே என்ற பயத்தில் அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிடுகிற வீடுகள் எத்தனையோ. அந்தப் பிள்ளைகள் எங்கள் படிவத்தில் மட்டும்தான் வருகிறார்கள்.

ஆனால் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். நான் எழுதியதை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்து, இருவரும் சாவுக்கான காரணக் குறியீடாக டபிள்யூ 74 என்று போட்டிருந்தார்கள். தற்செயலாக நீரில் மூழ்குதல், விவரம் குறிப்பிடப்படாதது. விவரம் குறிப்பிடாமலா இருந்தேன்? கடைசிப் பக்கத்தில் குழாய், பள்ளம், தண்ணீர் வேகம், ஏரி வேலை, போட்டோ எல்லாவற்றையும் அவள் சொன்னபடியே எழுதியிருந்தேன். உலகம் முழுக்கப் பொதுவான குறியீட்டில் குளியல் தொட்டிக்கு ஓர் எண் உண்டு, நீச்சல் குளத்துக்கு ஓர் எண் உண்டு, ஆறு குளத்துக்கும் உண்டு. தண்ணீர் ஏறாததால் தோண்டிய பள்ளத்துக்கு இல்லை. அறிக்கை வந்தபோது சிறு பிள்ளைகளின் மூழ்கல் சாவுகளுக்கு முதன்மைக் காரணமாக 'போதிய மேற்பார்வை இன்மை' என்று இருந்தது. தண்ணீர்க் குழாயின் அழுத்தம் எங்குமே இல்லை. அந்தக் கிழவி பெயரில்லாமல் அந்த வரியில் இருக்கிறார்.

வங்கதேசத்தில் இதே வயதுப் பிள்ளைகள், இதே நேரத்தில்தான் சாகிறார்கள். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, அம்மாக்கள் வேலையில் மூழ்கியிருக்கும் நேரம், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் இருக்கும் குட்டையில். அங்கே யாரும் 'பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டு நிற்கவில்லை. ஊரிலேயே ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, ஒன்றிலிருந்து நாலு வயதுவரை உள்ள பிள்ளைகளை அந்த நாலு மணி நேரம் அவள் வீட்டில் வைத்துக்கொள்ளச் செய்தார்கள். ஆஞ்சல் என்று பெயர். சாவு குறைந்தது. 2022-இல் அந்த அரசே 8,000 மையங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. உலக சுகாதார அமைப்பு சொல்லும் ஆறு வழிகளில் இதுவும் ஒன்று. தடுப்பு வேலி இன்னொன்று, மூச்சு ஊதச் சொல்லிக்கொடுப்பது மற்றொன்று.

எங்கள் ஊர்ப்பக்கம் அங்கன்வாடி இருக்கிறது, நல்லபடியாகவே நடக்கிறது. ஆனால் இரண்டு வயது முடிந்தால்தான் உட்கார வைத்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே சத்துமாவுப் பாக்கெட்தான். அந்தப் பையனுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

இதையெல்லாம் அன்றே அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று ஒருமுறை தோன்றியது. "உங்களாலயும் இல்ல, அத்தையாலயும் இல்லம்மா. தண்ணி மேல ஏறாததால, புள்ளைய விட ஒரு இடம் இல்லாததால" என்று இருவருக்கும் கேட்கும்படி. இப்போது எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் திண்ணையில் அது எடுபட்டிருக்குமா? பிள்ளை செத்த வீட்டில் குழாய் அழுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவளை என்னவென்று நினைத்திருப்பார்கள்? அதோடு, கிழவி இன்னும் நாலு முறை எட்டிப் பார்த்திருந்தால் பையன் இருந்திருப்பான் என்பதும் உண்மைதானே. அதை மறைத்துப் பேசுவது அவரைச் சின்னப் பிள்ளையாக நடத்துவது போலாகாதா? எனக்கு இதில் தெளிவு வரவில்லை.

கிளம்பும்போது அந்தத் தெருவில் திறந்து கிடந்த மற்றப் பள்ளங்களைக் காட்டி, பலகையாவது போட்டு மூடி வையுங்கள் என்று அங்கே நின்ற பெண்களிடம் சொன்னேன். விதிப்படி அதுவும் கூடாது, ஆனாலும் சொல்லாமல் எப்படி வருவது? அவர்கள் தலையாட்டினார்கள். அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூடியிருந்தால் போதும் என்பதை அவள் காதுபட அவ்வளவு எளிதாகச் சொன்னதில் கொஞ்ச நேரம் முன்பு நான் சொன்ன ஆறுதல் என்ன ஆகியிருக்கும் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அதற்காகச் சொல்லாமல் வந்திருக்கவும் மாட்டேன்.

படிவத்தைத் திருத்தும் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் சேர்க்கச் சொன்னேன். அந்த நேரத்தில் குழந்தையை விட்டுச் செல்ல அருகில் வேறு இடம் இருந்ததா? தண்ணீர் தேங்கிய இடம் எதற்காக உண்டானது? இரண்டும் சேர்ந்தன. 'பார்த்துக்கொண்டிருந்தது யார்' என்பதை எடுத்துவிடலாமா என்று ஒரு இளம் மருத்துவர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். பாட்டிகளின் கண்பார்வையில் விடப்பட்ட இந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லாவிட்டால், இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் அங்கன்வாடியில் சேர்க்கச் சொல்லி எந்த அதிகாரி முன்னாலும் போய் நிற்க முடியாது. அந்தக் கட்டத்தில் இனியும் குறியிடத்தான் வேண்டியிருக்கிறது, பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே.