லயன்ஸுக்கு யார் வேண்டும்?

2026 ஜனவரியில் எழுதியது இது: அமெரிக்கக் கால்பந்து (NFL) அணியான டெட்ராய்ட் லயன்ஸ் மறுபடியும் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரைத் தேடுகிறது. ஒரே ஒரு பருவம் அந்தப் பொறுப்பில் இருந்த ஜான் மோர்ட்டனை இந்த ஜனவரியில் அனுப்பிவிட்டார்கள். 2024இல் 15 வெற்றி, 2 தோல்வி என்று நிமிர்ந்து நின்ற அணி, 2025இல் 9-8 என்று சரிந்து பிளேஆஃப் சுற்றுக்கே போகவில்லை.

டெட்ராய்ட்டில் ஞாயிறு பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அங்கே குளிர்காலம் வந்ததும் மலேசியாவில் என் ஊரான சுங்கை சிப்புட்டில் திங்கள் விடியற்காலை இரண்டு மணிக்கு வரும். செம்பனை ஆலையில் இரவு வேலை இல்லாத வாரமென்றால் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். வேலை இருந்தால் காலையில் வீட்டுக்கு வந்து, யாரும் முடிவைச் சொல்லிவிடுவதற்குள் பதிவைப் பார்ப்பேன். அதனால் இந்த நியமனம் எனக்கு ஊர்ச் செய்தி மாதிரி.

"தலைமைப் பயிற்றுநர் இருக்கிறாரே அண்ணே, பிறகு இந்த ஒருங்கிணைப்பாளர் எதற்கு?" என்று ஒட்டுக்கடையில் பசியாறும்போது ஆலைத் தம்பி ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஒரு நகர்வு முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். பந்து நம் கையில் இருக்கும்போது அடுத்த நகர்வு எது என்பதைப் பெரும்பாலான அணிகளில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர்தான் தீர்மானிக்கிறார். எதிரணி உதட்டசைவைப் படித்துவிடக் கூடாதென்று கையிலிருக்கும் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு அவர் பேசுவது, பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் கேட்கும். அந்த ஹெல்மெட்டின் பின்புறம் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். கடிகாரம் 15ஐத் தொட்டதும் வானொலித் தொடர்பு தானாக அறுந்துவிடும். ஆக, அதிகம் போனால் 25 விநாடி. அதற்குள் அவர் யோசித்து, சொல்லி முடித்திருக்க வேண்டும். குவார்ட்டர்பேக் அதை மற்ற பத்துப் பேருக்கும் சொல்லி நிறுத்த வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) வேலை பிரித்துக் கொடுப்பதை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். யார் எந்த நிரையில் நன்றாக மரம் சீவுவார், யாருக்கு மேட்டு நிலம் ஆகாது என்று தெரிந்தவர் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாராம். தெரியாதவர் நீட்டி முழக்குவார். அதற்குள் வெயில் ஏறிப் பால் குறைந்துவிடும்.

ஆளைத் தெரிந்தவர் என்றால் எனக்கு பென் ஜான்சன்தான். 2019இல் லயன்ஸில் சிறிய வேலையில் சேர்ந்தவர், அடுத்த ஆண்டு டைட் எண்ட் ஆட்டக்காரர்களின், அதாவது தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிறவர்களின், பயிற்றுநர். 2021இல் அணி 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமன் என்று தவித்தபோது, அன்றைய ஒருங்கிணைப்பாளர் ஆந்தனி லின்னிடமிருந்து ஆட்டத்தை அழைக்கும், அதாவது நகர்வுகளைச் சொல்லும், பொறுப்பைத் தலைமைப் பயிற்றுநர் டான் கேம்பல் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். கூடவே ஜான்சனுக்குக் கூடுதல் வேலை கொடுத்தார். 2022இல் அவரே ஒருங்கிணைப்பாளர். வெளியே பெரிதாக யாருக்கும் தெரியாத பெயர். ஆனால் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் ஓடித் தப்பிக்கிறவர் அல்ல, முன்னால் அரண் உறுதியாக நின்றால் பந்தைத் துல்லியமாக அனுப்புகிறவர் என்பது அவருக்குத் தெரியும். கையிலிருந்த ஆட்களுக்கு ஏற்பத்தான் அவர் ஆட்டத்தை வகுத்தார்.

2022 டிசம்பரில் மினசோட்டாவுடன் நடந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை எத்தனை முறை திரும்பப் பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. மூன்றாம் முயற்சி, பந்தை நம் கையிலேயே வைத்திருக்க ஏழு கெஜம் தேவை. பெனே சியூவல் என்ற மலை போன்ற தடுப்பாட்டக்காரர், பந்தைத் தொடுவதே வேலையில்லாதவர், பக்கவாட்டில் நகர்ந்து பந்தை வாங்கித் தேவையான தூரத்தைக் கடந்துவிட்டார். வெற்றி உறுதியாயிற்று. சியூவலின் கால் எவ்வளவு வேகம், கை எவ்வளவு பதம் என்று பயிற்சியில் பார்த்துப் பார்த்து வைத்திருந்தவர்தான் அந்த நேரத்தில் அப்படி அழைக்க முடியும்.

மோர்ட்டனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. அவர் வந்த ஆண்டிலேயே நடு அரணான ஃபிராங்க் ராக்னோ ஓய்வு பெற்றார். அதே அரணில் நின்ற கெவின் சைட்லரும் வேறு அணிக்குப் போய்விட்டார். அரண் சிதைந்தால் காஃப் பாதி ஆள்தான். நவம்பரில் வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்திலிருந்து கேம்பல் மறுபடியும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் 44 புள்ளி வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மோர்ட்டன் பெயருக்குத்தான் ஒருங்கிணைப்பாளர்.

எனவே என் முதல் வேண்டுகோள் கேம்பலுக்கு. ஆட்டத்தை யார் அழைப்பது என்பதை ஆளை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். நீங்கள்தான் அழைக்கப் போகிறீர்கள் என்றால் அதை வருகிறவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அவர்தான் என்றால், இரண்டு தோல்வி வந்தாலும் கையை நீட்டாதீர்கள்.

நேர்காணலுக்கு வருகிறவர் தன் திட்டப் புத்தகத்தைத் திறந்தால் மூடி வைக்கச் சொல்ல வேண்டும். காஃபுக்கு 31 வயதுக்குள் என்ன பழக்கங்கள் ஊறியிருக்கின்றன, ஓட்டக்காரர் ஜாமிர் கிப்ஸை வெறும் ஓட்டத்துக்கு மட்டும் வைத்திருப்பது ஏன் வீண், புது வீரர் தேர்வின் நான்காம் சுற்றில் எடுத்த, பந்தைப் பிடிக்கும் அமோன்-ரா செயின்ட் பிரவுன் நடுக்களத்தில் எப்படி இடைவெளி கண்டுபிடிக்கிறார் என்பதைப் பற்றி அவர் ஒரு மணி நேரம் பேசட்டும். உதவிப் பயிற்றுநர்களிலும் கூர்மையான இளைஞர்கள் இருப்பார்கள். அவர்களையும் உட்கார வைத்துக் கேட்கட்டும். பெரிய பெயருக்காகக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜான்சனும் அந்த வரிசையிலிருந்து எழுந்தவர்தானே.

அந்த ஜான்சன் இப்போது சிகாகோ பேர்ஸின் தலைமைப் பயிற்றுநர். வந்த முதல் பருவத்திலேயே எங்கள் பிரிவைக் கைப்பற்றிவிட்டார். ஒரே பிரிவு என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறை அவரோடு மோதியாக வேண்டும். காஃபின் பலமும் பலவீனமும் அவருக்கு அத்துப்படி. புதிதாக வருகிறவர் அவற்றை அவர் அளவுக்கு அறிந்துகொள்ள ஏழெட்டு மாதம்தான் இருக்கிறது.