மகள் போட்ட மதிப்பெண்

பிப்ரவரி 3, 2025, திங்கள்
மருத்துவமனையில் இன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். சிகிச்சை வசதியாக இருக்கிறதா, அன்றாட வாழ்க்கைக்கு இடம் கொடுக்கிறதா, இதையே தொடர விருப்பமா என்று கேள்விகள். 0 முதல் 6 வரை மதிப்பெண் போட வேண்டும்; 6 என்றால் முழுத் திருப்தி. மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒன்பது வயதில் டைப் 1 நீரிழிவு வந்தவளுக்கு இப்போது பதினைந்து. தினமும் நான்கைந்து முறை இன்சுலின் பேனாவால் குத்திக்கொள்கிறாள். வசதிக்கு நான் 2 போட்டேன், அவள் 4. கோபம்தான் வந்தது எனக்கு.

பிப்ரவரி 20, வியாழன்
இன்சுலின் பம்ப் பொருத்தினார்கள். இடுப்பில் சிறு பெட்டி, வயிற்றில் மெல்லிய குழாய். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை குழாயை மாற்ற வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, தோலில் ஒட்டியிருக்கும் சென்சார் சர்க்கரையைப் பார்த்துச் சொல்ல, பம்ப் இன்சுலினைக் கூட்டிக் குறைக்கிறது. ஆனால் சோறோ தோசையோ, மாவுச்சத்தின் கணக்கை அவள்தான் கொடுக்க வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு
விடியும்வரை தூங்கினேன். ஆறு ஆண்டுகளாக இரவு இரண்டு மணிக்கு எழுந்து அவள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தவன் நான்.

மார்ச் 29, சனி
வலைப்பந்துப் பயிற்சிக்காகக் கழற்றிய பம்பைத் திரும்ப மாட்டியிருக்கிறாள். தோலுக்குள் இருந்த குழாய் மடங்கியிருந்தது தெரியவில்லை. மாலையில் சர்க்கரை 19.6 மில்லிமோல் (ஏறக்குறைய 350 மி.கி.), வாந்தி, இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலமும் ஏறியிருந்தது. பம்பில் இருப்பது விரைவு இன்சுலின் மட்டும். வரத்து நின்றால் சில மணி நேரத்தில் உடலில் ஒன்றும் மிஞ்சாது. பேனா என்றால் நீண்டநேர இன்சுலின் கொஞ்சம் தாங்கியிருக்கும். பழைய பேனாவை எடுத்து இன்சுலின் போட்டோம், குழாயை மாற்றினோம். இரவு பத்துக்குத்தான் இறங்கியது.

மே 6, செவ்வாய்
சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 8.6இலிருந்து 7.2 ஆகியிருக்கிறது. மீண்டும் அதே படிவம். நான் 6 போட்டேன். அவள் 3!

பஸ்ஸில் கேட்டேன். தேர்வறையில் அலாரம் அடித்ததையும், சீருடைப் பாவாடையில் பெட்டி துருத்துவதையும், ஒருக்களித்துப் படுக்க முடியாததையும் சொன்னாள். "பேனாவைப் பைக்குள் போட்டால் மறந்துவிடலாம் அப்பா. இது என்னை மறக்கவிடுவதில்லை."

மருத்துவமனையில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் பம்பைக் கொண்டாடினார். பசித்தால் இன்னொரு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), அதற்கென்று தனி ஊசி கிடையாது என்றார். அவருக்கு அது விடுதலை. இவளுக்கு இல்லை. நான் போட்ட 6 என் தூக்கத்துக்குப் போட்டது.

மே 7, புதன்
1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு. பிழைத்தானே, அதுவே போதும் என்றிருந்த காலம். இன்று பிள்ளைகளிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். பதிலையும் கேட்க வேண்டாமா?

மே 24, சனி
மருத்துவர் சம்மதித்துவிட்டார். வலைப்பந்துப் போட்டிகள் முடியும்வரை பேனாவும் சென்சாரும். பம்ப் அலமாரியில் இருக்கிறது. எப்போது எடுப்பது என்பதை அவள் சொல்வாள்.

இரவு 2.40க்கு சென்சாரின் எச்சரிக்கையால் என் கைப்பேசி அலறியது. சர்க்கரை 3.8க்குத் தாழ்ந்திருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், கட்டிலில் உட்கார்ந்து பொட்டல மைலோவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

"பார்த்துவிட்டேன் அப்பா, போய்ப் படுங்கள்."

பதினைந்து நிமிடம் கழித்து 5.1. அதுவரை கதவோரமாகவே நின்றிருந்தேன்.