எஸ் பத்தியில் என்ன எழுத்து?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சர்வர் மெதுவாகிவிட்டது என்று தகவல் வந்தால் உடனே டெர்மினலைத் திறந்து, லினக்ஸில் இயங்கும் ப்ராசஸ்களை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை) பட்டியலிடும் டாப் கட்டளையை அடிப்பேன். பட்டியலில் முதலில் எந்த ப்ராசஸ் நிற்கிறதோ அதற்கு கில் மைனஸ் 9, அதாவது உடனே கொல்லும் சிக்னல். பெரும்பாலும் அதோடு பிரச்சினை தீர்ந்தும் விடும். அதனால் வேறு எதையும் கற்றுக்கொள்ளாமலே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

ஓர் இரவு 8 கோர் உள்ள ஒரு சர்வரில் லோடு ஆவரேஜ், அதாவது ஓடுகிற, காத்து நிற்கிற ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை, 40-ஐத் தாண்டியது. ஆனால் சிபியு பத்தியில் எந்த ப்ராசஸும் 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அறிக்கை தயாரிக்கும் ஸ்கிரிப்டுகள் வரிசையாக நின்றிருந்தன. அவைதான் காரணம் என்று முடிவு கட்டி ஒவ்வொன்றுக்கும் 9 அனுப்பினேன். ஒன்றும் அசையவில்லை. மறுபடி அனுப்பினேன். முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக இருந்தும் ஒரு ப்ராசஸை நிறுத்த முடியாமல் போனது அன்றுதான்.

சீனியர் அக்காவுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எஸ் பத்தியில என்ன எழுத்து இருக்கு?" என்றார். டாப் பட்டியலில் ஒவ்வொரு ப்ராசஸின் நிலையையும் ஓர் எழுத்தில் சொல்லும் பத்தி அது.

"டி, அக்கா."

"அப்போ அதைத் தொடாதே. மேலே டபிள்யூஏ எவ்வளவுன்னு பாரு."

80 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அந்த எண் தினமும் என் கண் முன்னால்தான் இருந்தது, நான்தான் படித்ததில்லை. சிபியு சும்மா இருக்கிறது, ஆனால் டிஸ்க்கிலிருந்து பதில் வரக் காத்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. டி என்றால் இடையில் எழுப்ப முடியாத உறக்கம். அந்த நிலையில் இருக்கும் ப்ராசஸ், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் கேட்ட வேலை முடியும்வரை எந்த சிக்னலுக்கும் எழாது. லினக்ஸ் தன் லோடு ஆவரேஜில், ஓடுகிற ப்ராசஸ்களோடும் ஓடத் தயாராக நிற்பவற்றோடும் இந்த உறங்கும் ப்ராசஸ்களையும் சேர்த்தே எண்ணுகிறது. சிபியு காலியாக இருந்தும் லோடு 40-ஐத் தாண்டிய கணக்கு இதுதான். வெளியிலிருந்து இணைத்திருந்த ஸ்டோரேஜ் பதில் தராமல் நின்றிருந்தது.

அரை மணி நேரத்தில் ஸ்டோரேஜ் குழு இணைப்பைச் சரிசெய்தது. அப்புறம் நடந்ததுதான் இன்றுவரை மனதில் இருக்கிறது. நான் அனுப்பிய சிக்னல்கள் தொலைந்துபோகவில்லை, காத்திருந்தன. டிஸ்க் பதில் சொல்லி ப்ராசஸ்கள் விழித்த கணமே எல்லாம் செத்தன. விட்டிருந்தால் அவை தம் வேலையைத் தொடர்ந்து முடித்திருக்கும். 9 என்பது துடைத்துவிட்டுப் போக நேரம் தராத சிக்னல், ஆகவே ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் பூட்டுக் கோப்புகள் அப்படியே கிடந்தன. காலையில் அடுத்த சுற்று அவற்றைப் பார்த்துவிட்டுத் தொடங்கவே இல்லை. அறிக்கைக்காகக் காத்திருந்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது முதலில் எழுத்தைத்தான் பார்க்கிறேன். ஆர் என்றால் ஓடுகிறது அல்லது ஓடத் தயார். எஸ் என்றால் சாதாரண உறக்கம். இசட் ஏற்கெனவே செத்தது, அதைக் கொல்ல முயல்வது வீண். அதன் முடிவை வாங்கிக்கொள்ளாத தாய் ப்ராசஸைத்தான் கவனிக்க வேண்டும். டி இருந்தால், ப்ராசஸ்களை ஒருமுறை பட்டியலிட்டுக் காட்டும் பிஎஸ் கட்டளையிடம் டபிள்யூசான் பத்தியைக் கேட்பேன், கெர்னலுக்குள் எங்கே காத்திருக்கிறது என்று தெரியும்.

பிஎஸ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலர் இதில் தடுமாறுகிறார்கள். பிஎஸ் காட்டும் சிபியு சதவீதம், ப்ராசஸ் தொடங்கியதிலிருந்து இதுவரையான சராசரி. பத்து மணி நேரம் சும்மா இருந்த ஒரு ப்ராசஸ் கடைசி 6 நிமிடம் ஒரு கோரை முழுக்க விழுங்கினாலும் அங்கே 1 சதவீதம்தான் தெரியும். டாப் காட்டுவது முந்தைய புதுப்பிப்புக்குப் பிறகு நடந்ததை. "பிஎஸ்ல பார்த்தேன், ஒண்ணும் இல்லை" என்று யாராவது சொன்னால் டாப்பையும் ஒரு முறை பார்க்கச் சொல்கிறேன்.

எதையும் நிறுத்துவதற்கு முன் டாப்பை, வெளியீட்டை வெறும் எழுத்தாகத் தரும் பேட்ச் முறையில் ஓட்டி, அந்த நேரத்து நிலையை ஒரு கோப்பில் எழுதிவைக்கிறேன். சரி, நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் 15, துடைத்துவிட்டுப் போக நேரம் தரும் சிக்னல். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்த பிறகே 9. டி என்று இருந்தால் கில்லைத் தொடுவதில்லை, ஸ்டோரேஜ் குழுவைத்தான் அழைக்கிறேன்.